இம்ப்ளாண்ட் வைத்த பிறகு: வலியும் தேறுதலும்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால், அதற்கு இரண்டு வாரம் முன்பாக ஆணுறுப்பில் இம்ப்ளாண்ட் வைக்கும் ஆபரேஷனுக்கு நாள் வாங்காதீர்கள். மணையில் சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார வேண்டும். மகன், மகள், சம்பந்தி வீட்டார் என்று ஆளுக்கொரு கலசமாகத் தலையில் ஊற்றுவார்கள். ஈர வேட்டியோடு இருக்க வேண்டும். முடிந்ததும் வேனில் ஊர் திரும்ப வேண்டும். தையல் ஆறாத அடிவயிற்றுக்கும் விதைப்பைக்கும் இந்த நான்கில் ஒன்றுகூட ஆகாது. இரண்டுக்கும் நடுவே ஆறு வாரமாவது விடுங்கள். எட்டு வாரம் என்றால் நிம்மதி. உக்ரரத சாந்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம் எதுவானாலும் இதே கணக்குதான்.

இந்த இம்ப்ளாண்டுக்கு நாள் பார்ப்பவருக்கும், வைத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்குமான அத்தியாயம் இது. மாத்திரை, ஊசி, வாக்குவம் பம்ப் எதற்கும் விறைப்பு வராமல் போனவர்களே பெரும்பாலும் இந்த ஆபரேஷனுக்கு வருகிறார்கள். நம் பக்கத்தில் அவர்களில் பலர் நெடுநாள் சர்க்கரைக்காரர்கள். வீட்டுக்கு வந்ததும் அவர்களை அலைக்கழிக்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இந்த வலி சரியான வலியா, கெட்ட வலியா?’

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி எவ்வளவு என்பதைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தால் அது ஆறுகிற வலி. இறங்கிய வலி மறுபடி ஏறினாலோ, ஒரே இடத்தில் நின்று நகர மறுத்தாலோ, அது காட்ட வேண்டிய வலி. மீதி எல்லாம் இதற்கான விளக்கம்தான்.

உள்ளே இருப்பது என்ன

எந்த வகை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வலியைப் புரிந்துகொள்ள முடியாது. வகை இரண்டு.

வளையும் கம்பி வகையில், சிலிக்கோன் உறை போட்ட இரண்டு கம்பிகள் ஆணுறுப்பின் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். எப்போதும் ஒரே கெட்டி; தேவைப்படும்போது நிமிர்த்தி, மற்ற நேரம் மடக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இந்த வகை பரவக் காரணமானவர்களில் ஒருவர் மும்பையின் ஆண்ட்ராலஜி மருத்துவர் ரூபின் ஷா. வெளிநாட்டுச் சாதனத்தின் விலை எட்டாதவர்களுக்காக அவர் உருவாக்கியதே ‘ஷா இம்ப்ளாண்ட்’.

பம்ப் வகையில் மூன்று பாகம் உண்டு. ஆணுறுப்பில் இரண்டு சிலிண்டர், விதைப்பையில் ஒரு பம்ப், அடிவயிற்றில் உப்பு நீர் நிரப்பிய ஒரு பை. பம்பை அமுக்கினால் நீர் சிலிண்டருக்கு ஏறி விறைப்பு வரும்; விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பும். 1973-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகம் செய்த அமைப்பு இது. அதன்பின் எத்தனையோ திருத்தம் வந்தாலும் அடிப்படை மாறவில்லை.

கம்பி வகையில் வலி பெரும்பாலும் தண்டிலும் நுனியிலும் இருக்கும். பம்ப் வகையில் அதோடு விதைப்பையும் அடிவயிறும் சேரும். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த வகை, எந்தக் கம்பெனி, எந்த அளவு என்பது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எந்த மாதம் நல்லது

நம் காவிரிக் கடைமடைப் பகுதியில் நடவு, அறுப்பு பார்த்துத்தான் எதுவும் செய்ய முடியும். தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் செய்துகொள்வது இந்தப் பகுதிக்குத் தோதான காலம். வயலில் வேலை குறைவு; சித்திரை வெயிலும் வியர்வையும் உச்சத்துக்கு வருமுன் தையல் ஆறிவிடும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேருவதற்குள் நீங்கள் வரப்பில் நடக்கத் தயார்.

ஆபரேஷனுக்கு முன்பே கால் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணையும், தொடையிடுக்குப் படர்தாமரையையும் சொல்லி, ஆற்றிவிட்டுப் போங்கள். சின்ன விஷயம் என்று மறைக்கிற இவைதான் கிருமிக்கு வாசல். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8 அல்லது 8.5-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் தேதியைத் தள்ளிவைக்கிறார்கள். தள்ளிவைத்தால் கோபப்படாதீர்கள், அது உங்கள் நன்மைக்கு. பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் நிறுத்துங்கள். இவை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, புண் ஆறுவதைத் தாமதிக்கும்.

முதல் ஆறு வாரம்

*முதல் மூன்று நாள்.* வலி அதிகமாக இருக்கும் நாட்கள் இவை. ஆபரேஷனின்போது போட்ட சிறுநீர்க் குழாயைப் பெரும்பாலும் ஒரு நாளில் எடுத்துவிடுவார்கள். விதைப்பை வீங்கி, நீலமும் கறுப்புமாகக் கன்றியிருக்கும். கன்றல் தொடைவரை இறங்கினாலும் இறங்கும். பார்த்தால் பயம் வரும், ஆனால் பெரும்பாலும் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம்தான், தானே கரையும். துண்டைச் சுருட்டி விதைப்பைக்கு அடியில் வைத்து உயர்த்திப் படுங்கள். ஐஸ் பையைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் ஒத்துங்கள். நேராகத் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது.

*முதல் இரண்டு வாரம்.* ஆணுறுப்பை வயிற்றின் மேல் நிமிர்த்தி வைத்து, இறுக்கமான ஜட்டி போடச் சொல்வார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் ஜட்டி போட மாட்டார்கள், கோவணம்தான். கோவணமோ லங்கோடோ உறுப்பைக் கீழே இழுத்துப் பின்னால் கட்டும். இந்த நாட்களில் அது வேண்டாம். விதைப்பைத் தாங்கி என்று கேட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு செம்பில் மொண்டு குளிக்கலாம். குளித்ததும் மெல்லிய துணியால் ஒத்தி எடுத்து, காற்றாட விடுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், விபூதி எதையும் தையல் மேல் வைக்காதீர்கள்.

மலச்சிக்கல் இந்த வாரங்களின் பெரிய எதிரி. முக்கினால் அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கும். சில வலிமாத்திரைகளும் மலத்தைக் கட்டும். வாழைப்பழம், கீரை, தண்ணீர் போதாவிட்டால் மருத்துவரிடம் மலமிளக்கி கேளுங்கள். குந்தி உட்காரும் கக்கூஸ் வீட்டில் இருந்தால், நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் மீன், முட்டையை நிறுத்தி ரசஞ்சோற்றில் காலம் தள்ள வைப்பது வழக்கம். புண் ஆறப் புரதம் வேண்டும். தரங்கம்பாடி மீன் குழம்பாக வந்தால் சாப்பிடுங்கள். சைவமானால் பருப்பு, தயிர், சுண்டல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*மூன்று, நான்காம் வாரம்.* சும்மா இருக்கும்போது வலி அவ்வளவாகத் தெரியாது. நடந்தால், உட்கார்ந்து எழுந்தால் தெரியும். மொபெட், பைக், சைக்கிள் மூன்றும் வேண்டாம். ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதீர்கள். நெல் மூட்டையின் பக்கமே போகாதீர்கள். குளம், வாய்க்கால், காவிரி, பூம்புகார்க் கடல் எதிலும் முங்கக் கூடாது. ஆடிப்பெருக்கு, அமாவாசை என்று வந்தால் தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பம்ப் வகைக்காரருக்கு இந்தக் காலத்தில் ஒரு வேலை உண்டு. பம்ப் மேலே ஏறி ஒட்டிக்கொள்ளாமல், விதைப்பையின் அடியில் கைக்கு எட்டும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகத் தினமும் மெதுவாகக் கீழே இழுத்துவிடச் சொல்வார்கள். வெந்நீரில் குளித்து, விதைப்பை தளர்ந்திருக்கும்போது செய்தால் வலி குறைவு. எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

*நான்கிலிருந்து ஆறாம் வாரம்.* பம்பை இயக்கக் கற்றுத்தரும் நாள் இந்த வாரங்களில் வரும். கற்றுத்தருமுன் ஆசைக்கு அமுக்கிப் பார்க்காதீர்கள். முதல் தடவை அமுக்கும்போது விண்ணென்று வலிக்கும். பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். பம்ப் உருண்டை மீண்டும் நிரம்பும்வரை பொறுத்து, அடுத்த அமுக்கு. பழகப்பழக வலி குறையும். அதன்பின் மருத்துவர் சொன்ன நாள்வரை தினமும் ஏற்றி இறக்கினால், சுற்றியுள்ள திசு நெகிழும்.

உடலுறவு ஆறிலிருந்து எட்டாம் வாரத்தில், பரிசோதித்து அனுமதி தந்த பிறகு. கம்பி வகைக்கும் இதே பொறுமை வேண்டும். எப்போதும் கெட்டியாக இருப்பதால் ‘தயார்’ என்று தோன்றும், ஆனால் உள்ளே தையல் தயாராக இல்லை.

வலி சொல்லும் இடம்

எங்கே, எப்படி வலிக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது.

*தண்டு முழுக்க மந்தமான இழுவலி.* நாள்பட விறைப்பே காணாமல் சுருங்கிய திசுவை உள்ளிருந்து விரித்திருக்கிறார்கள். அது இடம் கொடுத்துப் பழகும்வரை இழுக்கும். பெரும்பாலும் ஆறு வாரத்தில் வெகுவாக அடங்கும்.

*விதைப்பையில் பாரம்.* பம்பைச் சுற்றிய வீக்கம். நிற்கும்போது கூடும், படுத்தால் குறையும். தாங்கி உதவும்.

*அடிவயிற்றில், தொடையிடுக்கில் குத்தல்.* நீர்ப்பை இருக்கும் பக்கம். இருமினால், முக்கினால் தெரியும். புடைப்பாகக் கைக்குத் தட்டுப்பட்டால் காட்டுங்கள். பை இடம் நகர்ந்திருக்கலாம்.

*எரிச்சல், ஊசி குத்தல், மின்சாரம் பாய்வதுபோல்.* நரம்பு வலி. பாதத்தில் ஏற்கெனவே எரிச்சல் உள்ள சர்க்கரைக்காரருக்கு இது அதிகமாகவும் நீண்டும் வரும். சாதாரண வலிமாத்திரை இதற்குக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபாலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் உண்டு. மயக்கமும் தள்ளாட்டமும் தரக்கூடியவை என்பதால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

*நுனியில் ஒரே புள்ளியில் வலி.* இதை மட்டும் சாதாரணமாக எடுக்காதீர்கள். சாதனம் சற்று நீளமாக இருந்து உள்ளிருந்து இடிக்கலாம். கம்பி வகையில் அந்த இடத்துத் தோல் மெலிந்து, கம்பி வெளியே வரும் ஆபத்து உண்டு. உணர்ச்சி மங்கியவருக்கு வலியே இல்லாமலும் இது நடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் ஆணுறுப்பின் நுனி மொட்டைப் பாருங்கள். முன்தோல் இருந்தால் பின்னுக்குத் தள்ளி, கைக்கண்ணாடியை அடியில் பிடித்து, சிறுநீர்த் துளையையும் கீழ்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்தோ பளபளத்தோ புடைத்தோ தெரிந்தால், சிறுநீர்த் துளைக்குள் ஏதேனும் மின்னினால், அன்றே போங்கள். பார்த்து முடித்ததும் முன்தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுகிவிடும்.

நாளை என்று தள்ளக்கூடாதவை

• குறைந்த வலி மறுபடி கூடுவது
• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• தையலில் சீழ், நாற்றம், தையல் பிரிதல்
• சிவப்பும் சூடும் பரவுதல்
• விதைப்பைத் தோல் பம்போடு ஒட்டி, நகர மறுத்தல்
• சிறுநீர் போக முடியாமை, சிறுநீரில் ரத்தம்
• சில மணி நேரத்துக்குள் விதைப்பை வேகமாகப் பெருத்தல்
• மொட்டு கறுத்துப்போதல்

காய்ச்சல் இல்லையென்றால் கிருமி இல்லை என்று நினைக்காதீர்கள். தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் சில கிருமிகள் சாதனத்தில் படலமாக ஒட்டிக்கொண்டு, மாதங்கள் கழித்து வெறும் வலியாக மட்டும் வெளிப்படும். பம்ப் தோலோடு ஒட்டுவது அதன் முக்கிய அடையாளம். நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் அறிகுறி மறையும், கிருமி போகாது.

சீக்கிரம் போவதில் உள்ள லாபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால், தகுந்தவர்களுக்குப் பழைய சாதனத்தை எடுத்து, உள்ளே நன்றாகக் கழுவி, அதே தடவையில் புதியதை வைக்க முடிவதுண்டு. நாள் கடத்தினால் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; அதற்குள் உள்ளே தழும்பு கட்டி உறுப்பு குறுகும், மறுபடி வைப்பதும் கடினமாகும். வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளுவதற்கு இவ்வளவு விலை.

இரவில் அவசரம் என்றால் பொறையார் அரசு மருத்துவமனைக்கோ மயிலாடுதுறை அரசுப் பெரியார் மருத்துவமனைக்கோ போய் முதலுதவி பெறலாம். வண்டி இல்லையென்றால் 108. ஆனால் இம்ப்ளாண்ட் பற்றிய முடிவை உங்களுக்கு ஆபரேஷன் செய்த யூராலஜி மருத்துவர் எடுக்க வேண்டும். அவரைப் பிடிக்க முடியாவிட்டால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் போல யூராலஜிப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள்.

மூன்று மாதம் கழித்தும் விடாத வலி

இந்தக் கட்டத்தில் பலருக்கு மருத்துவரிடம் போகவே சலிப்பு. ‘எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டார், எனக்குத்தான் வலிக்குது’ என்பார்கள். வலி பொய்யில்லை, காரணத்தை வரிசையாகத் தேட வேண்டும். முதலில் கிருமி. அடுத்து அளவு: நீளம் கூடிய சாதனம், கோணலான சிலிண்டர். மூன்றாவது இடம்: மேலேறிய பம்ப், நகர்ந்த பை. நான்காவது நரம்பு. இதற்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சில நேரம் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். பம்பை ஏற்றிய நிலையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. சிலிண்டரின் கோணலைத் தெளிவாகக் காட்டும்.

நான்கும் இல்லையென்றால் இடுப்படித் தசை இறுகியிருக்கலாம். மாதக்கணக்கில் வலிக்குப் பயந்து அடிவயிற்றையும் ஆசனவாய்த் தசையையும் இறுக்கிப் பிடித்தே பழகியவருக்கு, அந்தப் பிடியே தனி வலியாகிவிடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிறு உப்ப மூச்சை இழுத்து, விடும்போது ஆசனவாயைத் தளரவிடுங்கள். இந்தத் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் இன்னும் நல்லது. தையல் முழுதும் ஆறியிருந்தால் இளஞ்சூட்டு நீரில் உட்காருவதும் இதம்.

தினசரி வலிமாத்திரையில் காலம் தள்ளாதீர்கள். டைக்ளோபினாக், ஐபுபுரோபேன் வகைகள் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்குப் பகை. பாராசிட்டமாலும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. பேருந்து நிலைய விளம்பரத் தட்டியில் பார்த்த லேகியம், எண்ணெய் எதுவும் சாதனத்தின் வலியைத் தீர்க்காது. எண்ணெய் போட்டு உருவிவிடுவது கெடுதல்.

எல்லாம் பார்த்தும் வலி தாங்கவில்லை என்றால், சாதனத்தை மாற்றுவதும் எடுப்பதும் வழிகள்தான். எடுத்தால் பழைய இயற்கை விறைப்பு திரும்பாது என்பதை அறிந்து முடிவெடுங்கள்.

வலி அல்லாத வருத்தங்கள்

‘நீளம் குறைந்துவிட்டது’ என்பது அடிக்கடி வரும் குறை. சாதனம் கெட்டியைத் தரும், நீளத்தைக் கூட்டாது. நோயால் ஏற்கெனவே சுருங்கியதும் கணக்கில் சேரும். மொட்டு முன்போல் உப்பாது, சற்றுக் குளிர்ச்சியாகவும் தோன்றலாம். தொடு உணர்ச்சியையும் உச்சத்தையும் சாதனம் பொதுவாகக் கெடுப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன் என்ன இருந்ததோ பெரும்பாலும் அதுவே இருக்கும்.

மனைவியின் வலியையும் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வறட்சி இருக்கும். பல வருட இடைவெளிக்குப் பிறகு இந்தக் கெட்டி அவருக்கு வேதனையாகலாம். தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லி மருந்துக்கடையில் கிடைக்கும். போதாவிட்டால் மகளிர் மருத்துவரிடம் வறட்சிக்குக் களிம்பு கேட்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே அவரோடு பேசி, ஒருமுறையாவது மருத்துவரிடம் கூட்டிப்போனவர்களுக்குப் பிற்பாடு மனக்கசப்பு குறைவு.

ஊருக்கு என்ன சொல்வது? பலர் ‘குடலிறக்க ஆபரேஷன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும். மருத்துவருக்கும் நர்ஸுக்கும் மட்டும் அது போதாது. நாளை விபத்திலோ மயக்கத்திலோ உங்களுக்குச் சிறுநீர்க் குழாய் போட வேண்டி வந்தால், இம்ப்ளாண்ட் தெரியாமல் அவசரத்தில் போடுவது உள்ளே காயப்படுத்தும். அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ வேறு ஆபரேஷன் நடந்தால் கத்தி நீர்ப்பையில் படலாம். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன்னும் சாதனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆதலால் சாதன அட்டையை ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது

ஒரு நோட்டில் தினமும் இரவு ஒரு வரி எழுதிவாருங்கள்: தேதி, வலிக்கு 10-க்கு எத்தனை, எந்த இடம், என்ன செய்யும்போது, எந்த மாத்திரை, அன்றைய சர்க்கரை. ஆறு வாரம் எழுதினால் வலி இறங்குகிறதா ஏறுகிறதா என்பது உங்களுக்கே தெரியும். அந்த நோட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, சாதன அட்டை, சாப்பிடும் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: என் வலி இந்த வாரத்துக்குரியதா? பம்ப் சரியான இடத்தில் இருக்கிறதா? நுனித்தோல் எப்படி இருக்கிறது? எப்போது வயலில் இறங்கலாம், வண்டி ஓட்டலாம்? இரவில் எந்த நம்பரில் கூப்பிடுவது? கூட்டமாக இருக்கிறது, நர்ஸ் நிற்கிறார் என்று விழுங்கிவிடாதீர்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டை நீட்டுங்கள், அவர் படித்துக்கொள்வார்.